நாற்பத்திரண்டு தப்படி

தப்படியார் நடந்தால் அவருடைய அக்கா பக்கத்தில் ஓட வேண்டும். ராணுவத்தில் சேர்ந்த முதல் வருடமே வந்த வினை இது. விடுப்பில் வந்து அக்காவைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனால், அவர் பாட்டுக்கு விறைப்பாக முன்னால் போய்க்கொண்டே இருப்பார். அக்கா பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவாள்.

"டேய், சண்டைக்கா போறோம்? வெங்காயம் வாங்கத்தானே போறோம்!"

அவர் சேர்ந்தது பாலம் கட்டும் படைப்பிரிவு. ஒரு தப்படி என்றால் முப்பது அங்குலம், கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று அங்கே பழக்கிவிட்டார்கள். இளம் அதிகாரியாக இருந்தபோது, வறண்டு கிடந்த ஓர் ஓடையை மழைக்கு முன் அளக்கப் போனார். வரைபடம் எழுபது அடி என்றது. இவர் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்தார். முப்பத்திரண்டு தப்படி. "எண்பது அடி" என்றார். மேலதிகாரி சிரித்துவிட்டுச் சங்கிலி போட்டு அளக்கச் சொன்னார். எண்பது அடி நான்கு அங்குலம் வந்தது. எழுபதுக்குச் சாமான் கொண்டுபோயிருந்தால் பாலம் ஓடையின் நடுவிலேயே நின்றிருக்கும். அன்றைக்கு வைத்த பெயர்தான் தப்படியார். அது போதாதென்று, காகிதத்தைவிடத் தன் காலை நம்பும் பழக்கமும் அன்றைக்கே அவருக்கு ஒட்டிக்கொண்டது.

அப்பா இறந்தபோது இவருக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதினெட்டு. எட்டாவதோடு படிப்பை விட்டு அதற்குள் தையலுக்குப் போயிருந்த அக்காதான் இவரைப் படிக்க வைத்தாள். அவளுடைய அளவு நோட்டில் இவருக்கென்று தனிப் பக்கம் உண்டு. ராணுவத் தேர்வுக்குப் போட்டுப் போன கால்சட்டை: இடுப்பு இருபத்தாறு, உள்கால் முப்பத்தொன்று. அதிகாரியாகி வந்த வருடம்: இடுப்பு இருபத்தெட்டு, உள்கால் முப்பத்தொன்று. முப்பத்து நான்காம் வயதில் பயிற்சியின்போது ஓர் இரும்புச் சட்டம் நழுவி வலது முட்டியில் விழுந்தது. அதற்குப் பிறகு நோட்டின் அந்தப் பக்கத்தில் கால் அளவே ஏறவில்லை. ராணுவக் கடையில் தைத்ததையே வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அந்த முட்டியால் நான்கு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அங்கே கிடைத்தவை இரண்டு: ஒரு மனைவி, ஒரு படிப்பு. மனைவி அந்த வார்டின் நர்ஸ். படிப்பு சட்டம். அதற்கு முன்பே ராணுவ விசாரணைகளில் இவரை உறுப்பினராகப் போட்டிருந்தார்கள். கிடங்கில் எண்ணெய் டின் திருடு போனதைப் பார்த்துக்கொண்டே இருந்தார் என்று ஒரு சமையல்காரர் மேல் குற்றம். அவர் நின்ற இடத்திலேயே போய் நின்று, அங்கிருந்து கிடங்குக் கதவு தெரியவே தெரியாது என்று சொன்னவர் இவர் ஒருவர்தான். சமையல்காரர் தப்பினார். 'இதுதான் நமக்கான வேலை' என்று இவருக்குத் தோன்றிவிட்டது. மேஜராக இருந்தபோது ராணுவத்திலிருந்து விலகி வக்கீலானார். நாற்பத்தாறு வயதில் நீதிபதியானார். கறுப்புக் கோட்டை அக்காதான் தைத்தாள். மேலளவு மட்டும் எடுத்தாள்.

நீதிபதியான பிறகும் போய்ப் பார்க்கும் வழக்கம் போகவில்லை. நிலத் தகராறு என்றால் கோப்பை மூடிவிட்டு இடத்துக்கே கிளம்பிவிடுவார். அப்படித்தான் அவருடைய ஐம்பத்திரண்டாம் வயதில் ரொட்டிக்கடைக்காரர் வழக்கு வந்தது.

விஷயம் சின்னதுதான். தெருவோர எல்லைக் கல்லிலிருந்து உள்ளே நூறு அடி வரை ரொட்டிக்கடைக்காரருக்கு, அதற்குமேல் சைக்கிள் கடைக்காரருக்கு என்று பத்திரம் சொல்கிறது. ரொட்டிக்கடைக்காரர் தன் இடத்தின் கடைசியில் ஒரு சுவர் எழுப்பி, அதை ஒட்டி அடுப்புக் கட்டியிருந்தார். சுவர் ஐந்து அடி தன் பக்கம் வந்துவிட்டது என்றார் சைக்கிள் கடைக்காரர். நீதிமன்றம் அனுப்பிய சர்வேயர் அளந்து, சரியாக நூறு அடி என்று எழுதிக் கொடுத்தார்.

தப்படியார் நேரில் போனார். இரண்டு தரப்பும் வக்கீல்களும் சூழ்ந்து நிற்க, சர்வேயர் டேப்பை நீட்டினார்.

"இருக்கட்டும்" என்று கையைக் காட்டிவிட்டுத் தப்படியார் கல்லிலிருந்து நடந்தார். சுவரில் கை வைத்தபோது நாற்பத்திரண்டு. எல்லோர் காதிலும் விழும்படி, "நூற்றைந்து அடி" என்றார். பிறகு சர்வேயரைப் பார்த்து, "உங்க டேப் எந்த ஊர் டேப்?" என்று கேட்டார். சர்வேயர் தலை குனிந்தார். சைக்கிள் கடைக்காரர் அன்றைக்கே தெருவெல்லாம் வெற்றியைச் சொல்லிவிட்டார்.

சுவரை இடிக்க வேண்டும், சர்வேயரின் கவனக்குறைவைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தீர்ப்பை எழுதி மேசை இழுப்பறையில் வைத்தார். வியாழக்கிழமை வாசிக்க வேண்டியது.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அக்காவின் தையல் கடைக்குப் போனார். ராணுவக் கடையில் வாங்கிய பழைய கால்சட்டைகள் முட்டியில் நைந்துவிட்டன.

"நேரா நில்லு" என்றாள் அக்கா, டேப்பை உதறிக்கொண்டே.

"நேராத்தான் நிக்கிறேன். பதினெட்டு வருஷம் அதுதானே எனக்கு வேலை."

"வலது காலை நீட்டு."

"நீட்டித்தான் வெச்சிருக்கேன்."

அக்கா இடது காலை அளந்தாள், முப்பத்தொன்று. வலது காலை அளந்தாள். மறுபடி அளந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது தடவையும் அளந்தாள்.

"முக்கால் அங்குலம் குறையுதேடா."

"டேப்பைச் சரியாப் பிடி."

"என் டேப்பைக் குறை சொல்லாதே. நாப்பது வருஷமா இதுல ஒருத்தருக்கும் தொடை தெரியத் தைச்சதில்லை. உன் முட்டிதான் நீள மாட்டேங்குது."

சர்வேயரின் குனிந்த தலை தப்படியாரின் கண் முன்னால் வந்து நின்றது. அக்காவின் சுண்ணக்கட்டியை எடுத்தார். கடைக்கு வெளியே நீளமான தாழ்வாரம் ஒன்று இருந்தது. அதில் ஒரு கோடு கிழித்து, எப்போதும்போல நடந்து பத்துத் தப்படி வைத்தார்.

"அக்கா, இதை அளந்து சொல்லு."

அறுபது அங்குல டேப் சரியாக ஐந்து தடவை விழ வேண்டும். அக்கா குனிந்து குனிந்து அளந்துகொண்டு வந்தாள். ஐந்தாவது தடவை டேப்பில் பதினாலு அங்குலம் மிச்சம் நின்றது.

"இருநூத்தி எண்பத்தாறு."

திரும்ப நடந்தார். இருநூற்று எண்பத்தைந்து. இன்னொரு தடவை நடந்தார். எண்பத்தாறு. நாற்பத்திரண்டால் பெருக்கிப் பார்க்க அவருக்குக் காகிதம் தேவைப்படவில்லை. நூறு அடி, ஓர் அங்குலம் சொச்சம். சர்வேயர் சொன்னதேதான். முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னடா ஆச்சு?"

"கேக்காதே. கேஸ் விஷயம்."

"நான் எங்க கேட்டேன்? தண்ணி வேணுமான்னுதான் கேக்க வந்தேன்."

வீட்டில் மனைவியிடம் அக்கா முட்டியை அளந்ததைச் சொன்னார், வழக்கின் ஊர் பேரைச் சொல்லவில்லை. "ஒரு தப்பு பண்ணிட்டேன். சத்தமில்லாமத் திருத்திடலாம். ஏன்னு கேக்க ஆளில்லை" என்றார். அது உண்மைதான். இழுப்பறையில் இருக்கும் நான்கு தாள் தீர்ப்பைக் கிழித்துவிட்டு, சர்வேயர் அறிக்கையை ஏற்கிறேன் என்று எழுதினால் முடிந்தது.

மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "எங்க வார்டுல மருந்து மாத்திக் கொடுத்துட்டா சார்ட்ல எழுதணும். எழுதாம மாத்திட்டா அடுத்த ஷிப்டுக்காரி எதை நம்புவா? அது கிடக்கட்டும், முட்டி நீளலைன்னு நான் பத்து வருஷமாச் சொல்றேனே, அது எந்தக் கோர்ட்டுல தள்ளுபடி ஆச்சு?"

வியாழக்கிழமை நீதிமன்றம் நிரம்பியிருந்தது. சைக்கிள் கடைக்காரர் சலவைச் சட்டையில் வந்திருந்தார். ரொட்டிக்கடைக்காரர் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தப்படியார் இழுப்பறைத் தாள்களைத் தொடவில்லை.

"இன்னைக்குத் தீர்ப்பு இல்லை. இடத்தைப் பார்க்கப் போனப்போ நான் தப்பா அளந்தேன். அடிபட்ட என் முட்டியால என் தப்படி ஒண்ணரை அங்குலம் குட்டையாயிருக்கு. அது தெரியாமச் சர்வேயரைப் பேசிட்டேன். அவர் என்னை மன்னிக்கணும்."

தட்டச்சு செய்துகொண்டிருந்த எழுத்தரின் விரல் நின்றது. "இதையும் பதிவு பண்ணணுமா ஐயா?"

"முதல்ல இதைத்தான் பதிவு பண்ணணும்."

சைக்கிள் கடைக்காரரின் வக்கீல் துள்ளி எழுந்தார். "நீதிபதி ஐயாவோட முட்டியை எப்படிச் சாட்சியமா எடுத்துக்க முடியும்?"

"அதைத்தான் நானும் சொல்றேன். என் காலை அன்னைக்கே சாட்சிக் கூண்டுல ஏத்தியிருக்கக் கூடாது."

நீதிமன்றமே சிரித்தது. வக்கீலும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் காலை எல்லோரும் மறுபடி அங்கே போனார்கள். டேப்பின் ஒரு நுனியைச் சைக்கிள் கடைக்காரரின் வக்கீல் கல்லில் பிடித்தார், மறு நுனியை ரொட்டிக்கடைக்காரரின் வக்கீல் சுவரில் பிடித்தார். சர்வேயர் படித்துச் சொன்னார். நூறு அடிக்கு அரை அங்குலம் குறைவு. சைக்கிள் கடைக்காரர் தானே குனிந்து பார்த்தார். "சரி, விடுங்க" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

"ஐயா, அடுப்புல விரிசல் இருக்கு. வழக்கு இருக்கேன்னு தொடாம வெச்சிருந்தேன். இப்ப பூசலாமா?" என்று கேட்டார் ரொட்டிக்கடைக்காரர்.

"தீர்ப்பு திங்கட்கிழமை" என்றார் தப்படியார். கொஞ்சம் யோசித்து, "மண்ணைக் குழைச்சு வைக்கிறதுக்குச் சட்டத்துல தடை ஒண்ணும் இல்லை" என்று சேர்த்துக்கொண்டார்.

சர்வேயர் டேப்பைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். "எங்க ஊர் டேப்தான் ஐயா" என்றார். அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

திங்கட்கிழமை தீர்ப்பு வந்தது. சுவர் நின்றது. தீர்ப்பின் ஏழாவது பத்தி முழுக்க நீதிபதியின் முட்டியைப் பற்றியது.

அன்று சாயங்காலம் புதுக் கால்சட்டையைப் போட்டுப் பார்க்க வந்தார். அக்கா வலது காலை முக்கால் அங்குலம் குறைத்துத் தைத்திருந்தாள். இரண்டு விளிம்பும் செருப்பின் மேல் ஒன்றுபோல உட்கார்ந்தன. கடையைப் பூட்டிவிட்டு இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். பாதி வழி போனபிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. அவள் ஓடவில்லை. பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தாள்.

"நீ நீதிபதியானதுல இருந்து நடை மெதுவாயிடுச்சு. பதவி வந்த கனம்னு நெனைச்சேன்டா."

"இல்லைக்கா. ஒண்ணரை அங்குலம்."

"அது அப்படியே இருக்கட்டும்" என்றாள் அக்கா.