ஆர்க்கிட் சாறும் அம்மாவின் விரல்களும்

கோவை காந்திபுரத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திவந்த ரெஜினாவுக்கு ஐம்பது வயதுக்குள் விரல் மூட்டுகள் வீங்கி, விரல்கள் உள்ளங்கைப் பக்கம் மடங்கத் தொடங்கின. முடக்குவாதம் என்றார் டாக்டர். மாத்திரைகள் வலியைக் கொஞ்சம் குறைத்தன, வயிற்றைப் புண்ணாக்கின. 1993இல் இன்ஸ்டிடியூட்டை மூடிவிட்டார்.

அவருடைய ஒரே மகள் ஷைலா அப்போது கோவைக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் ஆராய்ச்சி மாணவி. மேட்டுப்பாளையம் மலையடிவாரத்தில் மரக்கிளைகளைப் பற்றி வளரும் ஓர் ஆர்க்கிட் செடியிலிருந்து சாறு பிரித்து, மூட்டு வீங்கிய எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தாள். வீக்கம் வடிந்தது. அந்தச் சந்தோஷத்தில் வீட்டில் வந்து சொல்லிவிட்டாள்.

ரெஜினா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "எனக்கும் கொஞ்சம் கொண்டா கண்ணு."

"அது இன்னும் மருந்து இல்லீங்கம்மா. ஈரலுக்கு என்ன பண்ணும்னே பாக்கலீங்க."

"ஈரலை வெச்சுட்டு நான் என்ன பண்றது? விரலைத்தானே கேக்கறேன்."

அதன்பிறகு அவர் கேட்கவில்லை. ஆனால் தினமும் காலையில் அம்மாவின் ரவிக்கைக் கொக்கிகளை மாட்டிவிடுவது ஷைலாதான். தவக்காலத்தில் ஒருநாள், மனம் தாங்காமல், சிறிய சீசாவில் சாற்றைக் கொண்டுவந்துவிட்டாள். ரெஜினா மூடியைத் திருகப் பார்த்தார். விரல்கள் பிடிக்கவில்லை.

"தெறந்து குடு."

திறந்தாள். கொடுக்க முடியவில்லை. அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். ஈஸ்டர் வரை ரெஜினா அவளுடன் பேசவில்லை.

ஈரல் சோதனை முடிவு மழைக்காலத்தில் வந்தது. அதிக அளவு கொடுத்த எலிகளில் சிலவற்றுக்கு ஈரல் கெட்டிருந்தது; குறைவாகக் கொடுத்தவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஷைலா இரண்டையும் மறைக்காமல் அம்மாவிடம் சொன்னாள்.

"அப்ப நீ செஞ்சது சரின்னு சொல்ல வந்தயா?"

"இல்லீங்கம்மா. எனக்குத் தெரியலைன்னு சொல்ல வந்தேன்."

ரெஜினா கைகளை நீட்டினார். ஷைலா வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்தாள்.

அவளுக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. சாறு மருந்தாகவில்லை; அதிலுள்ள எந்தப் பொருள் வீக்கத்தைக் குறைக்கிறது, எது ஈரலைக் கெடுக்கிறது என்று பிரித்தறியும் வேலையே முடியவில்லை. 1998இல் ரெஜினா நெஞ்சுவலியில் இறந்தார். பெட்டியில் கிடத்தியபோது, ஜெபமாலையைக் கையில் கோக்க உறவுக்காரப் பெண் ஒருத்தி விரல்களைப் பிரிக்கப் போனாள்.

"வேண்டாங்க, வலிக்கும்" என்றாள் ஷைலா. ஜெபமாலையை வாங்கி, அம்மாவின் மணிக்கட்டில் சுற்றிவிட்டாள்.