உன்ற முடிச்சைத் தாண்டு

கருமத்தம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் கரண்ட் போனால்தான் காது திறக்கும். அதுவரை விசைத்தறிச் சத்தம்தான். தடதட, தடதட, சோற்றிலும் தடதட, தூக்கத்திலும் தடதட. தொண்ணூறுகளில் கரண்ட் அடிக்கடி போனது. போனதும் தலையெல்லாம் பஞ்சோடு அம்மா தறிக்குடோனை விட்டு வெளியே வருவாள். நான் தாண்டத் தயாராக நிற்பேன்.

புதுக் குடோன் கட்ட அப்பா கொட்டிவைத்த மணல்தான் எனக்கு நீளம் தாண்டும் குழி. அப்போது ஏழாவது படித்தேன். ஓடி, மிதித்து, ஒரு மூச்சு நேரம் யாருக்கும் சொந்தமில்லாமல் காற்றில் இருந்து, பொத்தென்று விழுவேன். மிதித்த இடத்திலிருந்து குதிகால் பட்ட இடம்வரை அம்மா கழிவு நூலை இழுத்துப் பிடித்து, நுனியில் முடிச்சுப் போடுவாள். தறியில் அறுந்த பாவு இழைக்குப் போடும் அதே முடிச்சு. அடுத்த நாள் அந்த நூலை மணல்மேல் விரித்து, "உன்ற முடிச்சைத் தாண்டு கண்ணு" என்பாள். தாண்டினால் புது நூல், புது முடிச்சு.

வகுப்பில் ஒரு நெட்டைக்கால்காரி இருந்தாள். "அவதான் ஃபர்ஸ்ட்டு வருவா" என்று நான் சிணுங்கினால், "வந்துட்டுப் போறா. அவ காலை நீ எதுக்கு எண்ணிட்டிருக்கற?" என்பாள் அம்மா.

ஆனால் விளையாட்டு விழா நெருங்க நெருங்க, முடிச்சு நகரவே இல்லை. எத்தனை முறை தாண்டினாலும் அதற்கு இந்தப் பக்கமே விழுந்தேன். பரிசு மறந்துபோனது. அந்தத் துளி முடிச்சின்மேல்தான் எனக்கு வெறி.

விழா அன்றும் கரண்ட் இல்லை. தறி நின்ற தைரியத்தில் எங்கள் தெருப் பெண்கள் மொத்தமும் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். தறிக்காரர்களுக்கு ரகசியம் பேச வராது. சத்தத்துக்குள்ளேயே பேசிப் பேசித் தொண்டை அப்படிப் பழகிப்போனது. என் முறை வந்தபோது அம்மா குனிந்து என் காதில் கிசுகிசுத்தாள். கிசுகிசுத்ததாக அவள் நினைத்துக்கொண்டாள்.

"யாரையும் பாக்காத கண்ணு. உன்ற முடிச்சைத் தாண்டிப்போடு, போதும்."

மைதானமே திரும்பிப் பார்த்தது.

"ஏனுங்கம்மா, மைக்கு எங்ககிட்டத்தானுங்க இருக்குது" என்றார் பேட்டரி மைக்கோடு நின்ற பி.டி. வாத்தியார்.

"மெதுவாத்தானுங்க சார் சொன்னேன்" என்றாள் அம்மா, அதே குரலில்.

மைதானம் முழுக்கச் சிரிப்பு. என்ன முடிச்சு, எதற்கு முடிச்சு என்று விசாரித்தவர்களுக்கெல்லாம் எங்கள் தெரு விளக்கிச் சொல்லிவிட்டது. வெட்கம் காலைச் சுட்டது. அந்தச் சூட்டிலேயே ஓடினேன், மிதித்தேன், விழுந்தேன். நான் ஐந்தாவது. நெட்டைக்கால்காரி முதலாவது.

அம்மா மடியிலிருந்து நூலை எடுத்தாள். "ஏனுங்க சார், ஒரு நிமிசம் அளந்துக்கறனுங்க." வாத்தியாரே குனிந்து ஒரு நுனியைப் பிடித்தார். மணலில் நூல் நீண்டது. முடிச்சைத் தாண்டி, நாலு விரற்கடை தள்ளி, என் குதிகால் பள்ளம்.

எங்கள் தெரு கை தட்டியதில் மைக்கில் சொன்ன பரிசுப் பெயர்கள் யாருக்கும் கேட்கவில்லை. முதல் பரிசு எனக்குத்தான் என்று நினைத்து, நெட்டைக்கால்காரியின் அப்பாவே வந்து என் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் பின்னாலேயே அவள் வந்தாள், பரிசாக வாங்கிய சோப்பு டப்பாவோடு.

"ஏனுங்க அத்தை, நான் முன்னைக்கு இப்ப அதிகமாத் தாண்டியிருக்கறனா?"

"அம்மணி, நேத்து எதுவரைக்கும் தாண்டுன?"

அவளுக்குத் தெரியவில்லை. அவளை யாரும் அளந்ததே இல்லை. மற்றவர்கள் பின்னால் விழுந்தார்கள், அவ்வளவுதான். அன்றைய அவள் தடத்துக்கு அம்மா ஒரு நூல் பிடித்து முடிச்சுப் போட்டாள். அவள் உடனே ஓடிவந்து தாண்டினாள். முடிச்சுக்கு இந்தப் பக்கமே விழுந்தாள்.

"அய்யே, நானே தோத்துட்டேன்" என்று மணலில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு எழுந்து, சோப்பு டப்பாவை என் கையில் திணித்துவிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஓட்டம் தொடங்கும் இடத்துக்கு மறுபடி நடந்தாள்.