பூன் அண்ணனின் நாக்கு

கேப்ஸ்யூலை இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவே பிடித்துப் பிரிப்பார். உள்ளே இருக்கும் பழுப்புத் தூளை உள்ளங்கையில் தட்டிக்கொண்டு, சுண்டுவிரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார் பூன் சிக்-ஹோய். சுற்றிலும் அந்தத் தேநீர் விடுதி சந்தைக்கடையாக இரைந்துகொண்டிருக்கும். இவருடைய மேஜைக்காரர்கள் மட்டும், கொதிக்கும் தேநீரை ஊற்றிக் கிண்ணங்களையும் சாப்பிடும் குச்சிகளையும் அலம்பிக்கொண்டே, இவர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"செவ்வந்தி சரியா இருக்கு. அதிமதுரம் கொஞ்சம் தாராளம். லிங்சி காளான் நல்ல சரக்கு" என்பார் கண்ணைத் திறந்து. "புகை போடல, சாயம் ஏத்தல. தைரியமா முழுங்கலாம்."

அவர் சொன்னால் சொன்னதுதான். ஹாங்காங்கின் மேற்குக் கோடியில், மூலிகை மொத்தக் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில், ஆயுள் முழுக்கச் சரக்குப் பார்த்த மனிதர். மூட்டையை அவிழ்த்ததும் ஒரு துண்டை எடுத்து முன்பல்லால் கடிப்பார். கந்தகப் புகை போட்ட கிழங்கு நாக்கின் ஓரத்தில் லேசாகப் புளிக்குமாம். சாயம் ஏற்றிய பழம் முதலில் இனித்து, பிறகு வாயை இழுக்குமாம். நமக்கு எல்லாம் ஒரே வேப்பங்காயாக இருக்கும். அவர் ஒரு கடி கடித்துவிட்டு, "திருப்பி அனுப்பு" என்றால், அந்த மூட்டை வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும்.

ஓய்வு பெற்ற பிறகும் நாக்குக்கு மட்டும் அவர் ஓய்வு கொடுக்கவில்லை. மிளகாய் தொடமாட்டார். சிகரெட் இல்லை. பற்பசையின் புதினா வாசம் நாக்கை மழுங்கடித்துவிடும் என்று உப்பால்தான் பல் துலக்குவார். மனைவி சாவ்-பிங் வைக்கும் சூப்பை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "இந்தப் பேரீச்சை போன வருஷத்துது" என்பார். அந்த அம்மாள் முப்பது வருடமாக ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறார்: "நாக்கைப் பாத்துக்குற அக்கறைல பாதியை என் மேல வச்சிருந்தா நான் இந்நேரம் ராணியா இருந்திருப்பேன். பேசாம குடிங்க."

ஒரு குணத்தைச் சொல்லாமல் விட்டால் சித்திரம் முழுமையாகாது. மனிதருக்குத் தன் உடம்பைப் பற்றிக் கொள்ளைப் பெருமை. எழுபதைத் தாண்டிய பிறகும் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடப்பார். வெயில் காலத்தில் பனியனோடு வாசலில் நின்று கையை வீசித் தேகப்பயிற்சி செய்வார், போகிறவர் வருகிறவர் பார்க்கட்டும் என்று. அதனால்தான், சிறுநீர் கழிப்பதில் தொல்லை என்று போன இடத்தில் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சின்னச் சுரப்பியில் புற்றுநோய் என்று சொன்னபோதுகூட அவர் அசரவில்லை. அதற்குச் செய்யவேண்டிய வைத்தியத்தைச் சொன்னபோதுதான் அசந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் யிப் என்ற பெண் டாக்டர். பொறுமைசாலி. அந்த நோய் ஆண்சுரப்பை, அதாவது ஆண் ஹார்மோனை, தின்று வளர்வது. அதனால் ஊசி போட்டு அந்தச் சுரப்பைக் கட்டிப்போட்டால் நோயும் அடங்கும் என்று விளக்கினார். பூன் எழுந்து நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளினார்.

"டாக்டரம்மா, ஆம்பளையா பொறந்தேன். ஆம்பளையாவே போறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அதற்கு அடுத்த வாரம்தான் தெருமுனைக் கடையில் பச்சை மூடி டப்பா வந்தது. எட்டு மூலிகை, இயற்கையானது, பக்கவிளைவே கிடையாது, இந்த நோய்க்கென்றே செய்தது என்று அட்டையில் அச்சடித்திருந்தது. பூன் அட்டையை நம்புகிற ஆள் இல்லை. கடையிலேயே ஒன்றைப் பிரித்து நாக்கில் வைத்தார். எட்டு மூலிகையையும் வரிசையாகப் பெயர் சொன்னார். கடைக்காரர் வாயைப் பிளந்தார். டப்பா வீட்டுக்கு வந்தது.

சில மாதங்களில், இரத்தத்தில் அந்த நோயின் அளவைக் காட்டும் எண் சரசரவென்று இறங்கிவிட்டது. பூன் அன்றைக்குத் தேநீர் விடுதியில் எல்லோருக்கும் இறால் கொழுக்கட்டை வாங்கிக் கொடுத்தார். அந்த மேஜையில் அதே நோய்க்காரர் இன்னொருவர் உண்டு. லோக். ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், பூன் அண்ணனைவிட இரண்டு வயது இளையவர், எதையும் சிரித்தே தள்ளிவிடுகிறவர். ஊசிக்கு நாள் குறித்து வைத்திருந்தவர், பூனின் எண்ணைக் கேட்டதும் அதை ரத்து செய்துவிட்டார்.

"பூன் அண்ணன் நாக்கு பாஸ் பண்ணிடுச்சு. இதுக்கு மேல எனக்கு எந்த லேப் வேணும்?" என்றார் லோக். அவருக்கும் எண் இறங்கியது.

பூனுக்கு இரண்டு புதுப் பழக்கங்கள் வந்தது அந்தச் சமயத்தில்தான். ஒன்று, பேசிக்கொண்டிருக்கும்போதே உடம்பு குப்பென்று காந்தி, காதுவரை சிவந்து, வியர்த்துக் கொட்டும். "உள்ள இருந்த சூடு வெளியே போகுது. மருந்து வேலை செய்யுது" என்று விசிறிக்கொள்வார். இன்னொன்று, சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை போட ஆரம்பித்தார். மேலே ஒரு கோட்டு வேறு. ஆகஸ்ட் மாதம், காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் ஊரில், கோட்டு. வாசலில் நின்று செய்த தேகப்பயிற்சியும் நின்றுபோயிற்று.

"என்னண்ணே, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போறியா?" என்று லோக் கேட்டார்.

"வயசானா குளிரும். உனக்கும் வரும், இரு" என்றார் பூன்.

குளிரவில்லை. மார்பு இரண்டும் வீங்கியிருந்தன. துண்டு பட்டாலே வலித்தது. கண்ணாடியில் பார்க்கும்போது அங்கே இருப்பது தன் உடம்பில்லை என்று தோன்றியது. சாவ்-பிங்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டே உடை மாற்றினார். ஆனால் அத்தனை வருடம் கூடக் குடித்தனம் நடத்தியவரிடம் எதை மறைக்க முடியும்? மார்புப் பக்கம் இழுபட்டிருந்த சட்டையைத் துவைக்கும்போதே அந்த அம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. சொல்லட்டும் என்று காத்திருந்தார். இவர் சொல்லுகிற வழியாக இல்லை.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது யிப் டாக்டர் தாளை நெடுநேரம் பார்த்தார். நோயின் எண் மட்டுமல்ல, ஆண்சுரப்பும் அடியோடு இறங்கியிருந்தது. ஊசி போட்டுக்கொண்டவருக்குத்தான் அப்படி இறங்கும்.

"ஐயா, வேற ஏதாவது மாத்திரை, மூலிகை ஏதாச்சும் எடுத்துக்குறீங்களா?"

"ஒண்ணுமில்ல. வீட்டு சூப்புதான்."

டாக்டரிடம் உண்மை பேசும் வழக்கம் அந்தத் தெருவில் யாருக்கும் கிடையாது. மூலிகைக்காரரிடம் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் மூலிகையைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். சொன்னால் திட்டு விழும் என்று பயம்.

"கொஞ்சம் சட்டையைக் கழட்டுறீங்களா? நெஞ்சைப் பாக்கணும்."

"நெஞ்சுல எனக்கு ஒண்ணுமில்ல" என்று பூன் பொத்தானைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் சாவ்-பிங் தன் கைப்பையைத் திறந்து பச்சை மூடி டப்பாவை எடுத்து டாக்டரின் மேஜைமேல் வைத்தார். கணவர் பக்கம் திரும்பவே இல்லை. "இதுதான் அந்த சூப்பு, டாக்டர்" என்றார்.

டப்பா சோதனைக்குப் போனது. முடிவு தெரியும்வரை அதைத் தொடவேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் இன்னொரு டப்பா இருந்தது. பூன் தொட்டார்.

முடிவு தெரிந்த நாள் காலையில் டாக்டரின் அறையில் அவர் உட்கார்ந்திருந்ததைச் சாவ்-பிங் பிற்பாடு இப்படிச் சொன்னார்: "பரீட்சையில பெயிலான பையன் மாதிரி, ரெண்டு கையையும் முட்டி மேல வச்சுக்கிட்டு." அட்டையில் போட்டிருந்த எட்டு மூலிகையும் உள்ளே இருந்தன. அதில் பொய் இல்லை. கூடவே, அட்டையில் போடாத ஒன்றும் இருந்தது. தொழிற்சாலையில் செய்த பெண்சுரப்பு மருந்து. எண்ணை இறக்கியது அதுதான். மார்பை வீங்க வைத்ததும் அதுதான்.

"அந்தக் காலத்துல இந்த நோய்க்கு இதைத்தான் கொடுத்தாங்க, ஐயா. இரத்தம் உறைஞ்சு ஆட்கள் செத்ததால பெரும்பாலும் விட்டுட்டாங்க" என்றார் டாக்டர். "ஒரு கேப்ஸ்யூல்ல கொஞ்சம், இன்னொண்ணுல நிறைய. எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது. கால்ல இரத்தக்கட்டி உண்டாச்சுன்னா அது நுரையீரலுக்குப் போயிடும். உங்க கால் வீங்கியிருக்கா?"

"இல்ல" என்றார் பூன். அந்தத் தடவை உண்மையைத்தான் சொன்னார்.

ஆனால் சாவ்-பிங் அவரைப் பார்த்தார். இரண்டு நாளாக லோக்குக்கு ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தது. செருப்பு நுழையவில்லை என்று அவரே சொல்லிச் சிரித்திருந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து தேநீர் விடுதிக்குப் போகும் வழியில்தான் வீடு. பூன் வீட்டுக்குள் நுழைந்தார். நேரே சமையலறைக்குப் போய், ஜன்னல் வெளிச்சத்தில் நின்று, மிச்சமிருந்த டப்பாவிலிருந்து ஒரு கேப்ஸ்யூலைப் பிரித்தார். சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்தார். செவ்வந்தி. அதிமதுரம். லிங்சி. ஒவ்வொன்றாக எட்டும் வந்தன. இன்னொன்று உள்ளே இருக்கிறது என்று தெரிந்தே தேடினார். நாக்கின் ஓரத்தில், அடியில், தொண்டைக்குப் போகும் இடத்தில். ஒன்றும் இல்லை. துப்பிவிட்டு, வாய் கொப்பளித்து, இன்னொரு முறை வைத்துப் பார்த்தார்.

பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கிழங்கில் கிழங்கைக் கலந்தால், பழத்தில் சாயத்தைக் கலந்தால் கண்டுபிடிக்கிற நாக்கு அது. ருசியே இல்லாத ஒரு சிட்டிகை வெள்ளைத் தூளை எந்த நாக்கு கண்டுபிடிக்கும்? ஆனால் அவருக்கு அப்படித் தோன்றவில்லை. வேண்டாம் என்று வீராப்பாக நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்தாரே, அதே காரியத்தைச் செய்கிற மருந்தை, அதைவிட மோசமானதை, வேளாவேளைக்கு முழுங்கியிருக்கிறார். போதாததற்கு லோக்குக்கும் ஊட்டியிருக்கிறார். வெட்கத்தில் அவர் காது சிவந்தது. இந்தத் தடவை அது சூடு வெளியே போனதால் அல்ல.

"இன்னும் எத்தனை தடவை நக்கிப் பாக்கப் போறீங்க?" என்று வாசலிலிருந்தே சாவ்-பிங் கேட்டார். "லோக் தம்பி கால் உங்க நாக்குக்காகக் காத்துக்கிட்டிருக்காது."

தேநீர் விடுதியில் காலைக் கூட்டம் இன்னும் கலையவில்லை. லோக் வீங்கிய காலை எதிர் நாற்காலியில் நீட்டிக்கொண்டு கோழிக்கால் கடித்துக்கொண்டிருந்தார். பூன் வருவதைக் கண்டதும் காலை இறக்கி இடம் கொடுத்து, புதிதாக வந்த தேநீர்க் கெண்டியை அவர் பக்கம் நகர்த்தினார். முதல் வாயை அவர் குடித்து, இலை எப்படி என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் குடிப்பது வழக்கம்.

பூன் குடிக்கவில்லை. "லோக், அந்தப் பச்சை மூடி மாத்திரையை நிறுத்திடு. உள்ள வேற மருந்து கலந்திருக்கான். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு, காலைக் காட்டணும்."

லோக் எலும்பைத் துப்பினார். "யாரு சொன்னா?"

"டாக்டரம்மா. சோதனை பண்ணியாச்சு."

"அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நம்ம சரக்குன்னா அவங்களுக்கு எப்பவும் இளக்காரம். நீதானே நாக்குல வச்சுப் பாத்த?"

"என் நாக்குக்குத் தெரியல."

"உன் நாக்குக்குத் தெரியாதது இருக்கா? மெஷின்தான் தப்பா சொல்லியிருக்கும்." லோக் சிரித்தார். மேஜையும் சேர்ந்து சிரித்தது. "சரி, கலந்தே இருக்கட்டும். எனக்கு எண் இறங்கியிருக்கு. உனக்கும் இறங்கியிருக்கு. யாரு இறக்கினா என்னண்ணே?"

இதே கேள்வியைப் பூனும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தார்.

"ரெண்டு பேருமே ஊசி போட்டுக்கலாம்டா. அளவு தெரிஞ்சு கொடுப்பாங்க" என்றார் கெஞ்சலாக.

"பாருடா. ஆம்பளையா பொறந்தேன், ஆம்பளையாவே போறேன்னு இதே மேஜைல பேசினது யாரு? உன் பேச்சைக் கேட்டுத்தான் நானும் ஊசி வேணாம்னேன். இப்பப் பயந்துட்டியா? கால்ல வெறும் வாதம். நீ உக்காரு, டீ ஆறுது."

லோக் மறுபடியும் கோழிக்காலை எடுத்தார். மூன்றாம் மேஜையில் யாரோ கணக்குக்காகக் கூப்பிட்டார்கள். கொழுக்கட்டைத் தள்ளுவண்டி இவர்களுக்கும் சுவருக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு போனது.

பூன் உட்காரவில்லை. கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார். கழுத்துப் பொத்தானைப் பிடித்தார். அதை அவிழ்த்தார். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது.

"என்னண்ணே பண்ற, எல்லாரும் பாக்குறாங்க" என்றார் லோக்.

தள்ளுவண்டிக்காரி நின்றுவிட்டாள். பக்கத்து மேஜைக்காரர்கள் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள். பூன் கடைசிப் பொத்தானையும் அவிழ்த்துச் சட்டையை விலக்கினார். பனியனை இரண்டு கையாலும் பிடித்துக் கழுத்துவரை தூக்கிக்கொண்டு, லோக்குக்கு நேரே திரும்பி நின்றார்.

"நல்லா பாரு" என்றார்.

லோக் பார்த்தார். முதலில் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். சிரிப்பு வரவில்லை. கோழிக்கால் தட்டில் விழுந்தது. அவர் கை தானாகத் தன் சட்டைக்கு மேலே, தன் மார்புப் பக்கம் போய்த் தொட்டுப் பார்த்தது.

"போதும்ணே. இறக்கு" என்றார் மெதுவாக. பிறகு மேஜைக்கு அடியில் சாய்த்து வைத்திருந்த கைத்தடியைத் துழாவி எடுத்தார்.

லோக் வீங்கிய காலை ஊன்றி எழுந்து நிற்கும்வரை பூன் பனியனை இறக்கவில்லை.