மஸ்கட்டிலிருந்து மூன்றாவது முடிச்சு

மேலகரத்தில் மாரிராஜ் என்று விசாரித்தால் நாலு பேர் வருவார்கள். கேபிள் மாரி என்றால் ஒரே ஆள்தான். பதினெட்டு வயதில் ஒயர்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டைமாடி மொட்டைமாடியாக ஏறியவர். இப்போது நாற்பத்தாறு வயது. தென்காசியிலிருந்து குற்றாலம் வரை வீடு வீடாக நெட் கொடுக்கிறார். கல்யாணங்களை வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு நேரலையில் காட்டுவது உபதொழில். அதில்தான் போன வைகாசியில் மானம் கப்பலேறியது.

அன்று தாலி கட்டியாயிற்று; மாப்பிள்ளை தலையில் விழுந்த அட்சதையைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்நேரம் துபாயிலிருந்து தாய்மாமன் சுடலைமாடன் போனில், "ஏலே, மேளத்தைக் கொட்டச் சொல்லுங்கலே" என்று கத்தினார். அவர் பார்த்த நேரலை இருபத்தைந்து வினாடி பிந்தி ஓடியிருக்கிறது. மண்டபமே சிரித்தது. மறுநாள் டீக்கடையில், "அண்ணாச்சி, டீ இப்பவே வேணுமா, இருபத்தஞ்சு செகண்டு கழிச்சா?" என்றார்கள்.

அந்த வீம்பில் மூன்று மாதம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். சாதாரண நேரலை, படத்தைச் சேர்த்துவைத்துப் பொட்டலம் கட்டி அனுப்பும். போய்ச் சேரும், ஆனால் ஆறிப்போய்ச் சேரும். இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்க வேண்டுமென்றால், எடுத்த கணமே நேரே அனுப்ப வேண்டும். பிந்தி வந்த படத்தை ஈவிரக்கமில்லாமல் தூக்கிப் போட்டுவிட வேண்டும். இது பிடிபட்ட அன்று மாரிக்குச் சோறே இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அப்போதுதான் மஸ்கட்டிலிருந்து நர்ஸ் ஜெயபிரியா கூப்பிட்டாள். "அண்ணாச்சி, தம்பிக்கு ஆவணியில கல்யாணம். எனக்கு லீவு இல்லைன்னு சொல்லுதாவ. மூணாவது முடிச்சு நான்தான் போடணும். சும்மா பாக்கதுக்குன்னா எனக்கு வேண்டாம்."

தாலியில் மூன்றாவது முடிச்சு மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவளுக்கு உரியது. தாயில்லாத தம்பி லிங்கேஸ்வரனைப் படிக்கவைத்து ஆளாக்கியவள் இவள். தம்பியும் ஒற்றைக்காலில் நின்றான். "அக்கா கை அசையாம முடிச்சு கிடையாது."

ஆகட்டும் என்றார் மாரி. மணவறை ஓரத்தில் நாலா திசையும் பார்க்கும் கேமரா. அங்கே மஸ்கட்டில் ஜெயபிரியா கண்ணை மூடுகிற வி.ஆர். ஹெட்செட்டை மாட்டினால் மணவறைக்குள்ளேயே நிற்பதுபோல் இருக்கும். எந்தப் பக்கம் திரும்புகிறாளோ அந்தப் பக்கம் தெரியும். அவள் கையசைவு இங்கே பெரிய திரையில் இரண்டு வெள்ளைக் கைகளாக வரும். சித்தி மகள் தங்கபுஷ்பம் மணப்பெண்ணுக்குப் பின்னால் நின்று, திரையைப் பார்த்து அப்படியே முடிச்சுப் போடுவாள். ஒத்திகையில் கால் வினாடிகூடப் பிந்தவில்லை.

ஒன்பதேகாலுக்கு முகூர்த்தம். மஸ்கட்டில் நைட் டூட்டி முடித்த கையோடு ஜெயபிரியா ஹெட்செட்டை மாட்டிவிட்டாள். "அண்ணாச்சி, வாசல்ல கட்டின வாழைக்குலைகூடத் தெரியுது. சீப்பு எண்ணட்டா?" என்று ஒலிபெருக்கியில் அவள் குரல் சிரித்தது. மாரிக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மிதப்பில்தான் சறுக்கினார். மாப்பிள்ளையின் அத்தை பாலம்மாள் வந்து, "மாரி, அந்த வைஃபை நம்பரைச் சொல்லுய்யா. மகளுக்குப் போட்டோ அனுப்பணும்" என்றாள். கல்யாண வீட்டில் வாய்விட்டுக் கேட்டவர்களிடம் இல்லை என்பதா? சொல்லிவிட்டார். பத்தே நிமிடத்தில் அந்த நம்பர் பந்தி வரைக்கும் பரிமாறப்பட்டுவிட்டது.

தாலித்தட்டு ஆசீர்வாதத்துக்குச் சபையைச் சுற்றி வந்தது. திரையில் வெள்ளைக் கைகள் பாதியில் உறைந்து நின்றன. ஜெயபிரியாவின் குரல் துண்டுதுண்டாக வந்தது. "அண்ணா... தெரிய... கேக்கல..."

மாரி லேப்டாப்பைப் பார்த்தார். கேமரா ஓடும் அதே லைனில் முந்நூற்றுப் பன்னிரண்டு போன்கள், அத்தனையும் வீடியோ ஏற்றிக்கொண்டிருந்தன. நிறுத்தினால், கொடுத்ததைப் பிடுங்கியவன் என்ற பேர் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். தட்டு மணவறை ஏறிவிட்டது. மாரி எழுந்துபோய் மண்டபத்து வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார்; கேமராவுக்குத் தனியாகப் போன ஒயரில் கை வைக்கவில்லை.

மண்டபம் முழுக்கக் குனிந்திருந்த தலைகள் நிமிர்ந்தன. "ஏய் மாரி, நெட்டு போச்சு" என்றாள் பாலம்மாள்.

"நான்தான் ஆச்சி நிறுத்துனேன். சாப்பிட்டுட்டு வந்து ஏசுங்க."

கெட்டிமேளம் முழங்கியது. லிங்கேஸ்வரன் இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டுத் திரையைப் பார்த்தான். வெள்ளைக் கைகள் அசைந்தன. சரட்டைப் பிடித்தன, மடித்தன, இழுத்தன. தங்கபுஷ்பத்தின் விரல்களும் பிடித்தன, மடித்தன, இழுத்தன. எது முந்தி, எது பிந்தி என்று மாரிக்கே தெரியவில்லை. போனை மறந்த முந்நூறு பேரும் அதையே பார்த்தார்கள். பாலம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

மேளம் ஓய்ந்ததும் ஒலிபெருக்கியில் ஜெயபிரியா கேட்டாள். "அண்ணாச்சி, முடிச்சு சரியா விழுந்துச்சா?"

"போட்டது நீ. என்கிட்ட ஏம்மா கேக்க?" என்றார் மாரி.