மூக்கை நம்பி இறங்கியவர்கள்

பெட்ரோல் பங்கின் சிமெண்டுத் தரையில், வெள்ளை வேட்டி சட்டையோடு குப்புறப் படுத்துக்கிடந்தார் அண்ணாச்சி. அப்படித்தான் அவரை நான் முதன்முதலில் பார்த்தேன். நெஞ்சுக்கு அடியில் துண்டை விரித்திருந்தார். பூமிக்குள் புதைத்திருக்கும் பெட்ரோல் தொட்டியின் திறந்த வாய்க்குள் முகத்தை நீட்டி, மூச்சை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டிருந்தார். சுற்றி ஆட்கள் நின்றார்கள். ஆளை விரட்டியே பழகிய பங்க் முதலாளியும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அண்ணாச்சி எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இறங்கவேண்டியவனின் முதுகில் ஒரு தட்டு தட்டி, “இறங்குலே” என்றார். கோயிலில் திருநீறு வாங்கியவன்போல அவன் தைரியமாக இறங்கிப் போனான். எனக்கு அப்போது சிரிப்புதான் வந்தது.

எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நானும் என் தம்பியும் பங்க் தொட்டிகளைக் கழுவும் ஒப்பந்த வேலை செய்கிறோம். கோவில்பட்டியைச் சுற்றி, விளாத்திகுளம், நாகலாபுரம் வரைக்கும் போவோம். பேப்பர் வேலை, பேச்சு வார்த்தை, பங்க் முதலாளிகளோடு மல்லுக்கட்டுவது எல்லாம் என் பாடு. ஆட்களைக் கூட்டிப்போய் உள்ளே இறங்குவது அவன் பாடு. பெட்ரோலில் எத்தனால் கலந்து வரத் தொடங்கியபிறகு, தொட்டிக்குள் கொஞ்சம் தண்ணீர் இறங்கினாலும் அடியில் கசடு தங்கிவிடுகிறது. கழுவாமல் தீராது. இருக்கிற பெட்ரோலை முழுக்க இறைத்துவிட்டு, காற்றடிக்கும் மெஷினைப் போட்டு, உள்ளே தேங்கிய ஆவி போகும்வரை காத்திருந்து, பிறகுதான் ஆள் இறங்கவேண்டும். ஆவி போய்விட்டதா என்று பார்க்க ஒரு மீட்டர் உண்டு. எங்கள் சங்கத்திலும் ஒன்று இருந்தது. ஆண்டு மாநாட்டில் மேஜையில் வைத்து எல்லாருக்கும் காட்டுவோம். பிறகு செயலாளரின் பீரோவுக்குள் போய்விடும். அதற்கு பேட்டரி போட்ட ஞாபகம் யாருக்கும் இல்லை.

மீட்டர் எதற்கு, அண்ணாச்சி இருக்கும்போது? எங்கள் வட்டாரத்தில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம். அவரும் ஒரு காலத்தில் தொட்டி கழுவியவர்தான். முழங்கால் ஒத்துழைக்காமல் போனபிறகு தொழிலை விட்டுவிட்டார். ஆனால் மோந்து பார்க்க மட்டும் எல்லாரும் அவரைக் கூப்பிட்டார்கள். அவர் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் பஸ் ஏறி வருவார். அன்று காலையில் வெற்றிலை போடமாட்டார், காப்பிகூடக் குடிக்கமாட்டார், மூக்கு கெட்டுவிடுமாம். அவர் முதுகில் தட்டாமல் எங்கள் ஆட்கள் எவனும் ஏணியில் கால் வைக்கமாட்டான். மீட்டரைக் கொண்டுபோய்க் காட்டினாலும், “அண்ணாச்சி என்ன சொல்லுதாவ?” என்றுதான் கேட்பார்கள். அவர் சரி என்று சொன்ன தொட்டியில் அப்போதுவரை ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை என்பதும் உண்மை.

கொரோனாவுக்குப் பிறகு அவர் மூக்கு இன்னும் கூர்மையாகிவிட்டது என்று பேசிக்கொண்டோம். முன்பெல்லாம் காலையில் படுத்துப் பார்த்துவிட்டு மத்தியானமே இறங்கச் சொல்வார். இப்போது, “இன்னொரு நாள் கிடக்கட்டும்” என்றார். மறுநாள் வந்து படுத்துப் பார்த்துவிட்டு, “சாயங்காலம் வரைக்கும் காத்தடிங்க” என்றார். பங்க் முதலாளிகள் வியாபாரம் போகிறதே என்று பல்லைக் கடித்தார்கள். ஆனாலும் அண்ணாச்சியை எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. “வயசாக ஆக மனுசனுக்கு மூக்கு ஏறிக்கிட்டே போகுது” என்று என் தம்பி பெருமையாகச் சொல்வான். நானும் ஆமாம் போட்டிருக்கிறேன்.

அந்த வருட மாநாடு கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. எண்ணெய் நிறுவனங்களுக்கு வேலை செய்யும் ஒப்பந்தக்காரர்கள், விருதுநகர் தூத்துக்குடி என்று பல பக்கமிருந்தும் வந்திருந்தார்கள். வாசலில் ஆள் உயர ஃபிளெக்ஸ். உள்ளே கையுறை, தலைக்கவசம், பூட்ஸ் விற்கிற கடைகள். வந்தவர்கள் எல்லாரும் கைநிறைய விசிட்டிங் கார்டு வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் தாம்பூலம் கொடுப்பதுபோல ஆளுக்கொன்று கொடுத்தார்கள். அத்தனை பேரில் நான் ஒருத்திதான் பெண். கார்டை என்னிடம் நீட்டியவர்களில் பாதிப்பேர், “வீட்டுக்காரர் வரலியாம்மா?” என்று கேட்டார்கள். “அவரு வாத்தியாரு, அவருக்குத் தொட்டியப் பத்தி என்ன தெரியும்?” என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. எங்கள் சங்கச் செயலாளர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொருவரிடமும் அறிமுகம் செய்துவைத்தார். “நாலு பேரைப் பழகி வச்சிக்கிடு தாயி. நாளைக்கு ஒரு அவசரம்னா இவுகதான் வரணும்” என்றார். நல்ல மனிதர் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்கு அண்ணாச்சிக்குப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. விபத்தே இல்லாமல் இத்தனை காலம் எங்களைக் காப்பாற்றியவர் என்று கேடயமும் அடித்திருந்தார்கள். அதற்கு முன்னால் பாதுகாப்புப் பயிற்சி. தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் பயிற்சி கொடுக்க வந்திருந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். தொட்டிக்குள் மூச்சு எப்படி நிற்கும் என்று விளக்கினார். பாதிப்பேர் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். சமையல்கட்டிலிருந்து பிரியாணி வாசனை வந்ததும் மீதிப்பேரின் கவனமும் போய்விட்டது. அதைப் பார்த்துவிட்டு அவர் பையிலிருந்து சின்னச் சின்ன பாட்டில்களை எடுத்து மேஜையில் வைத்தார். “கண்ணைக் கட்டிக்கிட்டு இதுல என்ன இருக்குன்னு மோந்து சொல்லணும். யாரு வாரீங்க?” என்றார்.

மண்டபமே “அண்ணாச்சி, அண்ணாச்சி” என்று கத்தியது. அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வேண்டாம் என்று கையை ஆட்டினார். கூச்சப்படுகிறார் என்று நினைத்து இரண்டுபேர் தோளைப் பிடித்துத் தூக்கியே மேடையில் ஏற்றிவிட்டார்கள். அவருடைய துண்டாலேயே கண்ணைக் கட்டினார்கள். பயிற்சியாளர் முதல் பாட்டிலைத் திறந்தார். பெருங்காயம். முன்வரிசையில் இருந்த எனக்கே குப்பென்று அடித்தது. அண்ணாச்சி நிதானமாக மூச்சை இழுத்தார். “இதுல ஒண்ணுமில்ல” என்றார்.

சிரிப்பு வெடித்தது. “அண்ணாச்சி விளையாடுதாரு!” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். நானும் கைதட்டினேன். அடுத்ததாக வெறும் பாட்டிலை நீட்டினார்கள். அண்ணாச்சி இந்தத் தடவை அதிக நேரம் எடுத்துக்கொண்டார். அவருடைய கழுத்து நரம்பு புடைத்திருந்ததைப் பார்த்தேன். “பெட்ரோலு” என்றார்.

இரண்டொருவர் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. பயிற்சியாளருக்கு அவர் யார் என்றே தெரியாது. அதனால் சாதாரணமாக மைக்கைப் பிடித்து, “இவரைக் குறை சொல்லாதீங்க. மூக்கு இப்படித்தான், எப்ப கைவிடும்னு சொல்ல முடியாது. உங்கள்ல யாராவது இன்னைக்கு மூக்கை நம்பி டேங்குல ஆள் இறக்கியிருக்கீங்களா?” என்று கேட்டார்.

அண்ணாச்சி கண்கட்டை அவிழ்த்தார். கூட்டத்தில் வேறு யாரையும் பார்க்காமல் நேராக என்னைப் பார்த்தார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. “தாயி, தம்பி இறங்கியிருப்பானோ?” என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. இடைசெவலுக்குப் போகிற பாதையில் ஒரு பங்கில் அன்று எங்களுக்கு வேலை. சங்கத்து ஆட்கள் மாநாட்டுக்கு அண்ணாச்சியைக் காரில் கூட்டிவருகிற வழியில், காலையிலேயே அங்கே இறக்கித் தொட்டியை மோந்து பார்க்கச் சொல்லியிருந்தார்கள். முந்தின நாள்தான் அந்தத் தொட்டியைத் திறந்திருந்தார்கள். வழக்கமாக, இன்னொரு நாள் கிடக்கட்டும் என்கிறவர், பொன்னாடைக்கு நேரமாகிவிட்டது என்று கார் ஹாரன் அடிக்கவும், படுத்து எழுந்து, என் தம்பியின் முதுகில் தட்டிவிட்டு வந்துவிட்டார். மேடையில் நின்றபடியே அதை அவர் வாயாலேயே சொன்னார். “காய்ச்சல் வந்து போனதுல இருந்து எனக்கு மூக்கு இல்ல தாயி. ஒரு வாசனையும் தெரியாது. அதனாலதான் நாள் கணக்குல காயப்போடச் சொன்னேன். இன்னைக்குத்தான் அவசரப்பட்டுட்டேன். போனைப் போடு தாயி, போனைப் போடு.”

தம்பிக்குப் போட்டேன். அணைத்து வைத்திருந்தான். தொட்டி திறந்திருக்கும்போது யாரும் செல்போன் வைத்திருக்கக் கூடாது. எல்லாவற்றையும் அணைத்து ஒரு டப்பாவில் போட்டுத் தள்ளி வைத்துவிடவேண்டும். எங்கள் ஆட்கள் பிசகாமல் கடைப்பிடித்த விதி அது ஒன்றுதான். ஆபீஸ் அறையில் இருக்கும் பங்க் மேனேஜருக்குப் போட்டேன். “இடுப்புக் கயிறு வர நேரமாயிட்டு, இப்பத்தான்மா இறங்குனாப்ல” என்று அவர் சாவகாசமாகச் சொன்னார். நான் என்ன சொல்லிக் கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. தூக்குங்க, கயித்தப் பிடிச்சுத் தூக்குங்க என்று அலறியதாகப் பிறகு சொன்னார்கள். அவர் ஓடுகிற சத்தம் போனில் கேட்டது. பிறகு யாரோ என் தம்பி பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். பதில் சத்தம் மட்டும் வரவில்லை. மண்டபத்தில் அத்தனை பேரும் எழுந்து நின்றிருந்தார்கள்.

செயலாளரின் காரில்தான் போனோம். வழியெல்லாம் நான் எந்தச் சாமியையும் விடவில்லை. போய்ச் சேர்ந்தபோது, இடுப்பில் கயிறோடு அவனை வேப்பமர நிழலில் கிடத்தியிருந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு இருந்தது, ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆம்புலன்ஸ் வரட்டும் என்று யாரோ சொன்னார்கள். செயலாளர் கேட்கவில்லை. காரை ஓட்ட வேறொருவரை விட்டுவிட்டு, பின் இருக்கையில் ஏறி, அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். புதுச் சட்டையில் கசடும் பெட்ரோலும் அப்பிக்கொள்ள, “ஏலே, கண்ண முழிலே, அக்கா வந்திருக்கா பாரு” என்று குழந்தையைப் போல அழுதபடி வந்தார். கோவில்பட்டி ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் அவன் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

தம்பி பிழைத்துவிட்டான். மறுநாள் கண்ணைத் திறந்து, “மாநாட்டுல பிரியாணி நல்லாருந்துச்சா?” என்று கேட்டான். அதன்பிறகு அவனை நான் தொட்டிப் பக்கமே விடவில்லை. அவனால் முடியவும் முடியாது. பேசிக்கொண்டே இருப்பான், என்ன பேசினோம் என்பது மறந்துவிடும். தலைவலி வந்தால் சுவரில் முட்டிக்கொள்வான். அவன் பிள்ளைகள் அந்த நேரத்தில் என்னிடம் ஓடி வந்துவிடுவார்கள்.

அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்கு வந்தார். உள்ளே வரவில்லை. அதற்குப்பிறகு மாதத்துக்கு ஒருதரம் வீட்டுக்கு வந்து, தம்பி பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். எனக்கு அவர்மீது ஆத்திரம் தீரவில்லை. தீரும் என்றும் தோன்றவில்லை. ஊர் கொடுத்த மரியாதையை விட மனமில்லாமல் வருடக்கணக்கில் எங்கள் எல்லாரையும் ஏமாற்றியிருக்கிறார். ஆனால் அன்றைக்கு, அத்தனை பேர் நடுவில், பொன்னாடை தட்டில் காத்திருக்கையில் அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் தம்பியைத் தூக்கியிருக்க முடியாது. இரண்டும் எனக்குத் தெரியும். அவர் வந்தால் காப்பி கொடுக்கிறேன். குடிக்கிறார். அதன் வாசனை அவருக்குத் தெரியாது என்பது ஒவ்வொரு தடவையும் எனக்கு நினைவுக்கு வருகிறது.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி போன மாதம் வந்தது. செயலாளர் போன் செய்தார். தம்பி உடம்பை விசாரித்தார், பிள்ளைகள் படிப்பை விசாரித்தார். பிறகு, “தாயி, ஒரு உதவி. விளாத்திகுளத்துல ஒரு டேங்கு திறந்து கிடக்கு. ஆளுவ இறங்க மாட்டேங்கானுவ. முதலாளி நெருக்குதாரு. அண்ணாச்சிய ஒரு எட்டு வரச் சொல்லேன். என் போனை அவிய எடுக்க மாட்டேங்காவ. நீ சொன்னா தட்ட மாட்டாவ” என்றார்.

“அண்ணே, அவியளுக்கு மூக்கு இல்லன்னு உங்களுக்குத் தெரியாதா?” என்றேன்.

“தெரியும் தாயி, ஊருக்கே தெரியும். அவிய மோக்க வேண்டாம். சும்மா வந்து முதுகுல ஒரு தட்டு தட்டிட்டுப் போனாப் போதும், பயலுவ இறங்கிருவானுவ.”

தம்பி எதிரே உட்கார்ந்து, யார் பேசுகிறார்கள் என்று சைகையில் கேட்டான். அவனைப் பார்த்துக்கொண்டே நான் கேட்டேன்: “அண்ணே, அன்னைக்கு என் தம்பி தலை உங்க மடியிலதான கிடந்துச்சு?”

“ஆமா தாயி” என்றார் அவர், குரல் கனிந்து. “அந்த உரிமையிலதான உங்கிட்டக் கேக்குதேன்.”