வலது புரொப்பெல்லர்

அந்த இரட்டை எஞ்சின் விமானத்தின் வலது புரொப்பெல்லரை இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது. செலேத்தார் விமான நிலையத்தில் எங்கள் ஹேங்கர் கொட்டகை வாசலில் அது அப்படியொரு சாது. எஞ்சினை ஓட்டி லீவரை இழுத்தால் போதும், தகடுகள் காற்றுக்கு விளிம்பைக் காட்டித் திரும்பி, சுழற்சி நின்றுவிடும். பறக்கும்போது ஓர் எஞ்சின் செத்துப்போனால் உயிரைக் காப்பது இந்தத் திருப்பம்தான். ஓடும் பேருந்தின் சன்னலுக்கு வெளியே உள்ளங்கையை விரித்தால் காற்று கையைப் பின்னால் தள்ளும். பக்கவாட்டில் திருப்பினால் விட்டுவிடும். அவ்வளவுதான் விஷயம்.

மேலே போனால் அது திரும்புவதில்லை என்று சொன்னவர் அதை ஓட்டிப் பார்த்த எங்கள் கேப்டன் மட்டும்தான். காத்தோங்கில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாண வழிப் பெண்மணி. ஒரு சொல்லைக்கூடக் கூட்டிச் சொல்லத் தெரியாதவர். மெக்கானிக்குகள் நாங்கள் சுழல்வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரை மாற்றினோம், தகடுகளைத் திருப்பும் நைட்ரஜன் அழுத்தத்தைப் பார்த்தோம், கேபிளை மறுபடி பூட்டினோம். தரையில் ஒவ்வொரு முறையும் அது சொன்ன பேச்சைக் கேட்டது. விமானத்தையோ விற்றாகிவிட்டது, கடல் தாண்டி ஒரு தீவில் கொண்டு சேர்க்க வேண்டும். மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. “நல்லாத்தானே வேலை செய்யுதுலா! இன்னும் என்ன செக் பண்றீங்க?”

“அண்ணே, நீங்களே வந்து பாருங்க” என்று கேப்டன் என்னைப் பக்கத்து இருக்கையில் ஏற்றிக்கொண்டார். நல்ல உயரத்தில் வலது எஞ்சினை அணைத்து லீவரை இழுத்தார். புரொப்பெல்லரின் வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. விமானம் வலப்பக்கம் இழுக்க, அவர் இடது காலை மிதியில் ஊன்றிப் பிடித்துக்கொண்டார். கழற்றிப் பூட்டியே பிழைத்த என் கைகள் மடியில் சும்மா கிடந்தன. என் சன்னலுக்கு வெளியேதான் கோளாறு, தொட வழியில்லை. அவ்வளவு கையாலாகாதவனாக நான் என்றுமே இருந்ததில்லை. எஞ்சினை மறுபடி ஓடவைத்து இறங்கினோம். மேனேஜர் வந்து இழுத்துப் பார்த்தார். சமர்த்தாகத் திரும்பியது.

விமானம் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போட நான் மறுத்தேன். வேறொருவர் போட்டார். அதைத் தீவுக்கு ஓட்டிப் போகவிருந்தவர் கேப்டன்தான். தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவரோடு உட்கார்ந்து, “நீங்க போகாதீங்க மேடம்” என்று கெஞ்சினேன்.

“நான் போகலேன்னா வேற யாரையாச்சும் அனுப்புவாங்க அண்ணே. அவங்களுக்கு இது தெரியாது. எனக்கு அட்லீஸ்ட் தெரியும்.”

தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தேன்.

இரண்டு எஞ்சின்களும் வழியெல்லாம் ஒழுங்காக ஓட, அவர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார். வாங்கியவர்களிடம் எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறார். அவர்களும் தரையில் இழுத்துப் பார்த்தார்களாம், திரும்பியதாம். “என்னைப் பார்த்து சிரிச்சாங்க அண்ணே” என்று போனில் சொன்னவர் அழுதுவிட்டார்.

இன்று நான் பணி ஓய்வு பெற்றுப் பொங்கோலில் இருக்கிறேன். கேப்டன் மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிறார். ஏதோ ஒரு தீவில், முகம் தெரியாத யாரோ அந்த விமானத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். எப்போதாவது நாங்கள் போனில் பேசுகிறோம். யார் கூப்பிட்டாலும் முதல் கேள்வி, “ஏதாச்சும் கேள்விப்பட்டீங்களா?” என்பதுதான். இல்லை என்று பதில் வந்த பிறகுதான் சௌக்கியமா என்று கேட்டுக்கொள்கிறோம்.