பத்து முறை கத்தச் சொன்ன வார்த்தை

வேலைக்காகக் கொல்கத்தா வந்து மூன்று மாதம்கூட ஆகாத என்னிடம், பவானிபூர் தமிழ்க் கிறிஸ்தவ சபையில் வாலிபர் கூட்டத்துக்கு விளையாட்டு நடத்தும் பொறுப்பைக் கொடுத்தார்கள். பாட்டு நிற்கும்போது யார் கையில் பந்து இருக்கிறதோ, அவர் நாற்காலியில் ஏறிப் பத்து முறை கத்த வேண்டும். பந்தை ஆங்கிலத்தில் நாம் சொல்கிறோமே, அந்த "பால்" என்ற வார்த்தையை.

முதலில் மாட்டியவள், இங்கேயே பிறந்து வளர்ந்த கல்லூரிப் பெண். அன்றுதான் முதன்முதலாக வந்திருந்தாள்.

"அண்ணா, அசிங்கமா இருக்கும். பாட்டு வேணா பாடுறேன்."

"இதுல என்ன அசிங்கம்? வெக்கப்படாம கத்து!"

கத்தினாள். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு ஒரே குஷி. "இன்னும் சத்தமா!" என்றேன். ஏழாவது முறை அவள் குரல் உடைந்தது. "நல்ல ஐக்கியத்துக்காக ஸ்தோத்திரம்" என்று ஜெபம்வேறு செய்தேன்.

படியிறங்கும்போது, சிரித்தவர்களில் ஒருவன் சொன்னான்: "அண்ணே, நாம சொல்ற மாதிரி சொன்னா பெங்காலியில அது படு கெட்ட வார்த்தை."

"ஏன்டா அப்பவே சொல்லல?"

"செம காமெடியா இருந்துச்சுல்ல."

அவனை அறையக் கை எழுந்தது. பிறகு தானாகவே இறங்கிவிட்டது. அவன்தான் சொல்லவில்லை. அவள் சொன்னாளே.

அதன்பின் அவள் வரவேயில்லை.